'கறுப்பர் உடைமை' என்னும் அடைமொழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்யும் மகனுக்காக, அவன் வீட்டருகே உள்ள உணவகங்களை இணைய வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கடையின் பெயருக்குக் கீழே 'பிளாக் ஓன்ட்' என்று போட்டிருந்தது. நம் ஊரில் 'பிளாக்' என்றால் கள்ளச்சந்தை. கறுப்புப் பணத்தில் நடக்கும் கடை என்று பகிரங்கமாகவே எழுதிவைப்பார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கள்ளச்சந்தைக்கும் இந்தத் தொடருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, திரையரங்க வாசலில் 'பிளாக்'கில் டிக்கெட் வாங்கிப் பழகிய தலைமுறைக்கு அந்த ஐயம் எழுவது இயல்புதான். இங்கே 'பிளாக்' என்பது ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கரைக் குறிக்கிறது. 'ஓன்ட்' என்பது உடைமையாகக் கொள்ளப்பட்டதைச் சுட்டுகிறது. இரண்டும் சேர்ந்து, கடை, வங்கி, பத்திரிகை, நிலம் ஆகியவற்றுக்குக் 'கறுப்பினத்தவரை உரிமையாளராகக் கொண்ட' என்னும் பொருளில் அடைமொழியாகின்றன. 'அரசுடைமை வங்கி' என்றால் அரசை உரிமையாளராகக் கொண்ட வங்கி என்று விரித்துக்கொள்கிறோம் அல்லவா, அதே அமைப்புத்தான் இதுவும். நீங்கள் பார்த்த இணைய வரைபடக் குறிப்பை கூகுள் நிறுவனம் 2020 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. கடைக்காரர் தாமாகத் தெரிவு செய்தால்தான் அது தோன்றும்.

இந்த அடைமொழி எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் யார், உள்ளே வேலை செய்கிறவர்கள் யார், விற்கும் பொருள் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. இலாபம் யாருடைய கைக்குப் போகிறது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவை மட்டுமே அதன் பொருள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறது: பங்கு மூலதனத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ கறுப்பினத்தவரிடம் இருந்தால்தான் நிறுவனம் கறுப்பர் உடைமை. சரிபாதி மட்டும் இருந்தால், சமமாகப் பகிரப்பட்ட உடைமை என்ற தனி வகையில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள்.

இதன் இணைச்சொல்லான 'வெள்ளையர் உடைமை' என்பதை எந்த அமெரிக்கக் கடையின் பலகையிலும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. பெரும்பான்மையோர் கையில் இருப்பதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. அந்தச் சொல் வழங்குவதெல்லாம் கறுப்பினப் பத்திரிகைகளிலும் வரலாற்று நூல்களிலும்தான்.

கேள்வி: இப்படி இனத்தைச் சொல்லி உரிமையாளரை அடையாளம் காட்டும் வழக்கம் எப்போது தொடங்கியது? அண்மைக்கால அரசியலின் விளைவா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வழக்கம் மிகப் பழையது, அதில் நிறத்தைக் குறிக்கும் சொல்தான் காலந்தோறும் மாறியிருக்கிறது. 'பிளாக்' என்பது கறுப்பினத்தவர் தாமே விரும்பி ஏற்ற பெயராக வலுப்பெற்றது 1960களின் பிற்பாதியில்தான். அதற்கு முன் 'நீக்ரோ', 'கலர்டு' என்ற சொற்களே அந்த இடத்தில் நின்றன. தங்கள் மக்களின் தொழில்களைக் குறிக்க 'ரேஸ்', அதாவது 'இனம்' என்ற சொல்லை மட்டும் அடைமொழியாக வைப்பதும் உண்டு. எந்த இனம் என்று கேட்க வேண்டிய தேவை அவர்களுக்குள் இருக்கவில்லை.

நியூயார்க்கில் 1827ஆம் ஆண்டு சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் ஆகிய இருவரும் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' என்ற வார இதழைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு உரிமையாக இருந்து அவர்களே நடத்திய முதல் பத்திரிகை அது. எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், பிறர் எங்களுக்காகப் பேசியது போதும் என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். நாட்டின் தென்பகுதியில் அவர்களுடைய இனத்தவர் தாமே பிறர் உடைமையாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், உடைமை என்ற சொல்லை அவர்கள் ஏன் அவ்வளவு கருத்தோடு பற்றிக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

ஆனால் இந்த அடைமொழிக்குக் கூர்மை ஏற்றியது, என் கணிப்பில், ஒரு வங்கியின் வீழ்ச்சிதான். அடிமை முறை முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1865 மார்ச்சில், விடுதலை பெற்றவர்கள் தங்கள் சிறு சேமிப்பைப் போட்டுவைப்பதற்காக 'ஃப்ரீட்மன்ஸ்' சேமிப்பு வங்கி என்ற ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி நிறுவியது. பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நிருவாகக் குழுவை ஆட்டிவைத்தவர்களோ வெள்ளையர். பணத்தை அவர்கள் பொறுப்பின்றிக் கடன்களிலும் நில வணிகத்திலும் இறைத்தார்கள். 1873ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வங்கி தள்ளாடியபோது, மக்களின் நம்பிக்கையை மீட்பதற்காகப் புகழ்பெற்ற விடுதலைப் போராளி ஃபிரடெரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரையும் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களுக்குள், 1874இல், வங்கி மூடப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோரின் சேமிப்பு முடங்கியது. கறுப்பினத்தவர் பணம் போட்ட வங்கியும் கறுப்பினத்தவருக்கு உரிமையான வங்கியும் ஒன்றாகா என்பதை இதைவிடக் கொடுமையாக அவர்களுக்கு எதுவும் கற்பித்திருக்க முடியாது.

அதன் பின்னர் வந்த வங்கிகள் உரிமையை முன்னிறுத்தியே எழுந்தன. வாஷிங்டனில் 1888இல் ஒரு வங்கி திறக்கப்பட்டது. அதே ஆண்டு உரிமம் பெற்ற இன்னொன்று ரிச்மண்டில் மறு ஆண்டு கதவைத் திறந்தது. ரிச்மண்டிலேயே மேகி லீனா வாக்கர் என்ற பெண்மணி 1903இல் 'செயின்ட் லூக் பென்னி' சேமிப்பு வங்கியை நிறுவினார். ஐந்து சென்ட் காசுகளை வாங்கி டாலர்களாக்கும் வங்கி நமக்கே வேண்டும் என்று அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மேடையில் பேசியவர் அவர். அவருடைய தாய் அடிமையாகப் பிறந்தவர். இதற்கிடையே, 1899இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியல் அறிஞர் தம் இனத்தவரின் வணிகங்களைப் பற்றி ஒரு மாநாடு கூட்டிக் கணக்கெடுத்தார். மறு ஆண்டு பாஸ்டன் நகரில் புக்கர் டி. வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளர் தேசிய நீக்ரோ வணிகர் சங்கத்தைத் தொடங்கினார். பல செய்திகளில் எதிரெதிராக நின்ற இந்த இருவரும், தம் மக்கள் கடைவீதியில் முதலாளிகளாகவும் நிற்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டிருந்தார்கள்.

விளம்பரத்திலும் இந்த அடைமொழி புகுந்தது. ஹாரி பேஸ் என்பவர் 1921இல் தொடங்கிய 'பிளாக் ஸ்வான்' இசைத்தட்டு நிறுவனம், தன்னுடையதே உண்மையான கறுப்பினத் தட்டு என்றும், மற்றவை கறுப்பின வேடம் போடுகின்றன என்றும் விளம்பரம் செய்தது. அன்றைய அமெரிக்காவில் வெளிர்நிறக் கறுப்பினத்தவர் சிலர் தம் பிறப்பை மறைத்து வெள்ளையராக நடமாடினார்கள். அதற்கு வழங்கிய 'பாஸிங்' என்ற சொல்லையே திருப்பிப்போட்டு எழுதப்பட்ட விளம்பரம் அது. பிற்பாடு பணமுடை வந்தபோது, அந்த நிறுவனமே வெள்ளையர் பாடிய தட்டுகளைப் புனைபெயரில் வெளியிட்டது என்பது தனிக் கதை.

வானொலியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. மெம்பிஸ் நகரத்தின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து படிப்படியாகக் கறுப்பின அறிவிப்பாளர்கள், கறுப்பின இசை என்று முழுவதும் மாறிப் பெரும் புகழ் பெற்றது. உரிமையாளர்கள் இருவரும் வெள்ளையர். அட்லாண்டாவின் டபிள்யூ.ஈ.ஆர்.டி. நிலையத்தை 1949இல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காளர் 50,000 டாலருக்கு வாங்கினார். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்திருக்கும். முன்னதைக் கறுப்பர் உடைமை என்று சொல்லவே முடியாது.

அரசாங்கம் இந்தச் சொல்லாட்சியைக் கையில் எடுத்தது 1969இல். குடியரசுத் தலைவர் நிக்சன் அந்த மார்ச் மாதம் ஓர் ஆணை பிறப்பித்து, சிறுபான்மையினர் தொழில்களுக்கென ஓர் அலுவலகம் அமைத்தார். அதே ஆண்டைத் தழுவித்தான் சிறுபான்மையினருக்கு உரிமையான நிறுவனங்களின் முதல் தேசியக் கணக்கெடுப்பும் நடந்தது. எண்ண வேண்டுமென்றால் இலக்கணம் வகுக்க வேண்டும். அதுவரை ஒரு சமூகம் தன்னைக் குறித்துப் பெருமையோடு சொல்லிக்கொண்ட அடைமொழி, அங்கிருந்து படிவத்தில் நிரப்பும் கட்டமாகவும் ஆனது.

கேள்வி: உரிமையாளர் நிறுவனத்தை வேறு இனத்தவருக்கு விற்றுவிட்டால் அந்த அடைமொழி என்ன ஆகும்?
— வாசகர், சென்னை

பதில்: போய்விடும். டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய 'மோட்டவுன்' இசை நிறுவனம், ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய கறுப்பர் உடைமை நிறுவனங்களில் ஒன்றாகத் திகழ்ந்தது. அதை அவர் 1988இல் 6 கோடியே 10 இலட்சம் டாலருக்கு விற்றார். பாடல்களும் பாடகர்களும் கறுப்பினத்தவராகவே தொடர்ந்தார்கள். அடைமொழி அன்றோடு நீங்கியது. கறுப்பர் உடைமையாக இருந்த 'பி.இ.டி.' தொலைக்காட்சியை வயாகாம் நிறுவனம் ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு வாங்கியபோதும் இதுவேதான் நடந்தது. வளர்ந்து பெருகினால் பெரும் விலை கிடைக்கும், விற்றால் அடையாளம் போகும் என்ற இந்த முடிச்சைக் குறித்து அமெரிக்கக் கறுப்பின வணிகர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். டர்பனில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தமிழ் வம்சாவளியினர். முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவருடைய நிறுவனச் சான்றிதழில் 'நூறு விழுக்காடு பிளாக் ஓன்ட்' என்று இருக்கிறது. தவறாக அச்சிட்டுவிட்டார்களா?
— வாசகர், திருப்பூர்

பதில்: அச்சுப் பிழை இல்லை. உங்கள் வாடிக்கையாளர் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்படி கறுப்பர்தான். 2003ஆம் ஆண்டின் பரந்துபட்ட கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம், 'கறுப்பின மக்கள்' என்பது ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவரையும் உள்ளடக்கிய பொதுச்சொல் என்று வரையறுத்திருக்கிறது.

சட்டத்துக்குள் இது வந்த வழி அரசியல் வழி. நிறவெறி ஆட்சி மக்களை இனவாரியாகப் பிரித்துப் பதிவு செய்து, வெள்ளையர் தவிர்த்த அனைவரையும் 'வெள்ளையர் அல்லாதோர்' என்று எதிர்மறையாகவே அழைத்தது. 1960களின் இறுதியில் ஸ்டீவ் பீக்கோவும் அவருடைய தோழர்களும் தொடங்கிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு அந்த எதிர்மறைப் பெயரைத் தூக்கியெறிந்து, ஒடுக்கப்பட்ட மூன்று பிரிவினரும் கறுப்பரே என்று அறிவித்தது. அந்த இயக்கத்தின் முன்னணியில் டர்பன் பகுதி இந்தியர்களான சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் இருந்தார்கள். இருவரும் 1970களின் நடுவில் நடந்த வழக்கில் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறையில் கிடந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860இல் முதல் கப்பல் புறப்பட்டபோது கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தாமே விரும்பிக் 'கறுப்பர்' என்ற பெயரை ஏற்றார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத வரலாறு.

சட்டத்தின் எல்லை கறாரானது. குடியுரிமை பிறப்பாலோ வம்சத்தாலோ வந்திருக்க வேண்டும், அல்லது முதல் மக்களாட்சித் தேர்தல் தொடங்கிய 1994 ஏப்ரல் 27க்கு முன் பெறப்பட்டிருக்க வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் தடுத்திராவிட்டால் முன்பே பெற்றிருப்பார் என்று காட்டக்கூடியவருக்கு விலக்கு உண்டு. ஆகவே சென்ற ஆண்டு திருப்பூரிலிருந்து போய் அங்கே கடை திறந்த ஒருவர், நிறத்தில் உங்கள் வாடிக்கையாளரை ஒத்திருந்தாலும், சட்டப்படி கறுப்பர் ஆகமாட்டார். நீண்ட காலமாக அங்கே வாழும் சீனர்களையும் கறுப்பர் வரையறைக்குள் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சான்றிதழால் கிடைக்கும் பயனும் கணிசமானது: ஆண்டு வருவாய் 1 கோடி ராண்டைத் தாண்டாத நிறுவனம் முழுக்கக் கறுப்பர் உடைமையாக இருந்தால் இந்தச் சட்டத்தின் தரவரிசையில் முதல் நிலையும், 51 விழுக்காடு இருந்தால் இரண்டாம் நிலையும் பெறும், அரசு ஒப்பந்தங்களிலும் பெரிய நிறுவனங்களின் கொள்முதலிலும் அதற்கு மதிப்பு உண்டு.

அந்த நாட்டில் 'வெள்ளையர் உடைமை' என்ற எதிர்ச்சொல்லும் செய்தித்தாள்களில் நாள்தோறும் புழங்குகிறது. பெரும்பாலும் பண்ணை நிலங்களைப் பற்றி. 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஆப்பிரிக்கர்களுக்கு நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டு நிலத்தை மட்டுமே ஒதுக்கி, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்குவதைத் தடை செய்தது. அமெரிக்காவில் சொல்லாமல் விடப்படும் அடைமொழி அங்கே சொல்லியே ஆக வேண்டியதாயிற்று, ஏனெனில் நிலத்தின் உரிமையை இனத்தோடு சேர்த்துக் கட்டியது சட்டமே.

கேள்வி: பினாமி வைத்து இந்த 51 விழுக்காட்டைக் காட்டிவிட முடியாதா?
— வாசகர், காரைக்குடி

பதில்: முயல்கிறார்கள், வணிகம் தெரிந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. மலேசியாவில் இதற்கு 'அலி பாபா' என்றே பெயர். 1971இல் அறிமுகமான புதிய பொருளாதாரக் கொள்கை, 1990க்குள் நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காட்டைப் பூமிபுத்திரர்களுக்கு, அதாவது மலாய்க்காரர் முதலிய மண்ணின் மக்களுக்கு, உரிமையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. உரிமமும் ஒப்பந்தமும் மலாய்க்காரரான 'அலி' பெயரில் வாங்கப்படும். முதலும் தொழிலும் சீனரான 'பாபா'வுடையவை. அலிக்கு மாதாமாதம் ஒரு தொகை. அங்குள்ள தமிழ் வணிகர்கள் இந்தச் சொல்லை நன்கு அறிவார்கள். இந்தியர்கள் பூமிபுத்திரர் வரையறைக்கு வெளியே இருப்பதால், அவர்களிலும் சிலர் பாபாவின் இடத்தில் நின்றதுண்டு.

தென்னாப்பிரிக்காவில் இதை 'முகப்பு வைத்தல்' என்ற பொருளில் 'ஃபிரண்டிங்' என்பார்கள். தோட்டக்காரரையும் ஓட்டுநரையும் அவர்களுக்கே தெரியாமல் பங்குதாரராகக் காட்டுவது இதன் மோசமான வடிவம். 2013இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம் இதைக் குற்றமாக்கி, பத்து ஆண்டுகள் வரை சிறையும், நிறுவனமானால் ஆண்டு வருவாயில் பத்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்க வழி செய்தது. அமெரிக்காவில் சான்றளிக்கும் அமைப்புகள் பங்குப் பத்திரத்தோடு நிற்பதில்லை. அன்றாட நிருவாகத்தை யார் நடத்துகிறார்கள், காசோலையில் யார் கையொப்பமிடுகிறார்கள், பிறர் ஒப்புதலின்றி அவரால் முடிவெடுக்க முடியுமா என்றெல்லாம் நேரில் வந்து துருவுகிறார்கள். உடைமையோடு கட்டுப்பாடும் அவரிடமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பினாமிகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கப்பட்டது.

கேள்வி: கடை வாசலில் இனத்தை எழுதி ஒட்டுவதே இனவாதம் ஆகாதா? வெள்ளையர் அப்படி எழுதினால் பொறுத்துக்கொள்வோமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நியாயமான கேள்வி, எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது. ஜெர்மனியில் 1933 ஏப்ரல் 1 அன்று நாஜிக் கட்சியின் அதிரடிப் படையினர் யூதர்களின் கடைகளுக்கு முன் காவல் நின்று, கண்ணாடிகளில் 'யூதன்' என்று சாயத்தால் எழுதினார்கள். 1938 ஜூனில் வந்த ஆணை எது 'யூத நிறுவனம்' என்பதற்கு இலக்கணமே வகுத்தது. மூலதனத்தில் கால் பங்குக்கு மேல் யூதர்களிடம் இருந்தால் போதும். நிருவாகக் குழுவில் ஒரே ஒரு யூதர் இருந்தாலும் போதும். பறிப்பதற்காக எழுதிய சட்டத்தில் கால் பங்கே முழு உடைமையாகிவிடுகிறது. உதவுவதற்காக எழுதிய சட்டத்தில் பாதியும் போதவில்லை, 51 வேண்டியிருக்கிறது. இரண்டும் இனத்தையும் உடைமையையும் இணைக்கும் அடைமொழிகள்தாம். ஆனால் அளவுகோலைப் பார்த்தே நோக்கத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

கறுப்பினக் கடைக்காரர்களும் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. 1960களின் நகரக் கலவரங்களில் 'சோல் பிரதர்' என்றும், 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது 'பிளாக் ஓன்ட்' என்றும் அவசரமாகக் கதவிலும் பலகையிலும் எழுதியது, கடையைத் தீயிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான். அது எல்லா இடத்திலும் காப்பாற்றவும் இல்லை. அப்போது மிகுதியாக அழிந்தவை கொரிய வம்சாவளியினரின் கடைகள். அவற்றுக்கு எழுதிக்கொள்ள அப்படி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

சட்டத்தின் கண்ணில் உங்கள் கேள்விக்கு வலு கூடிவருகிறது. ரிச்மண்ட் நகராட்சி தன் கட்டுமான ஒப்பந்தங்களில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு ஒதுக்கியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் செல்லாது என்றது; மேகி வாக்கர் வங்கி தொடங்கிய அதே நகரம். அட்லாண்டாவில் 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' என்ற முதலீட்டு நிறுவனம், 51 விழுக்காடு கறுப்பினப் பெண்களுக்கு உரிமையான சிறுதொழில்களுக்கு 20,000 டாலர் நல்கை வழங்கும் போட்டி ஒன்றை நடத்திவந்தது. 2023இல் அதன் மீது வழக்குத் தொடுத்தவர்கள் துணைக்கு அழைத்தது 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை. விடுதலை பெற்ற அடிமைகளும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உறுதி செய்வதற்காக இயற்றப்பட்ட சட்டம் அது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் நின்றது. செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த நல்கை நிறுத்தப்பட்டது. கடைக்காரர் தம் வாசலில் 'பிளாக் ஓன்ட்' என்று எழுதிக்கொள்வதை இந்தத் தீர்ப்புகள் தடுக்கவில்லை. அந்தச் சொல்லை நிபந்தனையாக வைத்துப் பணமோ ஒப்பந்தமோ கொடுப்பதுதான் இப்போது கடினமாகியிருக்கிறது.